மிஷின் சத்தம் இல்லாத வீட்டில் அம்மிணி

அன்புள்ள அப்பா,

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு நாற்பது. பூனை ஒன்று, நம் வீட்டுக்குள். உங்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நீங்கள் தவறிப்போன ஒரு மாதத்தில், பனியன் துணி பின்னும் அந்த முதலிபாளையம் நிட்டிங் ஷெட்டை முதலாளி மூடிவிட்டார். மிஷின்கள் விலைபோய்விட்டன. உங்கள் சாமான்களை எடுத்துப் போகச் சொல்லி வியாழக்கிழமை போன் வந்தது. ஒரு லுங்கி, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஜோடி செருப்பு, அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்து வண்டியை எடுத்தேன். உங்களோடு ஷிஃப்ட் பார்த்த முருகேசன் அண்ணன் பையைக் கொடுத்தார். பிறகு மூலையில் கிடந்த நூல் பெட்டியைக் காட்டினார்.

"இதையும் தூக்கிட்டுப் போயிருங்க தம்பி. இந்த ஷெட்லயே பொறந்தது. அம்மிணி அம்மிணின்னு உங்கப்பா உசுரா வச்சிருந்தாரு."

வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆறாவது படிக்கும்போது நான் தூக்கிவந்த நாய்க்குட்டியை, மழை விடும்வரைகூடப் பொறுக்காமல், எடுத்த இடத்திலேயே விட்டுவரச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கா பூனை? எப்போதிருந்து?

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோடெல்லாம் சுற்றி வளர்ந்ததை வீட்டில் அடைப்பது சரியில்லை, அங்கேயே இருக்கட்டும் என்றேன். அட்டைப்பெட்டி குடோனாக்கப் போகிறார்களாம், எலிக்கு மருந்து வைக்க ஆள் சொல்லியாகிவிட்டதாம். செத்த எலியைத் தின்றால் இதுவும் காலி என்றார் அவர். பெட்டிக்கு மூடி போட்டுக் கட்டி, பைக் டேங்க்மேல் வைத்து ஓட்டி வந்தேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டிபனுக்குக் கருவாடு வறுத்து வெய்யி, கருவாடு வறுத்து வெய்யின்னது இதுக்குத்தானா? என் கை ருசின்னுல்ல நெனச்சுட்டிருந்தேன். என்னைய ஒருநாளாச்சும் அம்மிணின்னு கூப்பிட்டிருப்பாரா? அதக் கேளு உங்கப்பன."

கேட்டுவிட்டேன். பதிலை அம்மாவிடமே சொல்லிக்கொள்ளுங்கள்.

பூனை நேராக உங்கள் கட்டிலுக்கு அடியில் போனது. நான் வேலையை வேலையாகச் செய்தேன். தட்டில் மணல், கிண்ணத்தில் தண்ணீர், ஜன்னலுக்குக் கொசுவலை. மீன் வாங்கி வேகவைத்தேன். தொடவில்லை. வெள்ளிக்கிழமையும் தொடவில்லை. ராத்திரியில் கொசுவலையைக் கிழித்துவைத்திருந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்றார். மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும்போது இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

மிரண்டு போயிருக்கிறது, சத்தமே கூடாது என்றார் அம்மா. டி.வி.யை நிறுத்தினார். குக்கர் விசிலைக் கழற்றினார். நான் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளி வந்தேன். பக்கத்து வீட்டு ஆயிஷாக்காவும் மடத்துக்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் அவருடைய தையல் மிஷினும் ஓடவில்லை. வீட்டில் ஜாடையில்தான் பேசிக்கொண்டோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். அது உடம்பை ஒடுக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் குறையக் குறைய நடுக்கம் கூடிக்கொண்டே போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. செத்துத் தொலையப் போகிறாயா என்று கட்டிலுக்கு அடியில் பார்த்துக் கத்தினேன். அது காதை என் பக்கம் திருப்பியது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இன்று மதியம் ஆயிஷாக்கா வந்துவிட்டார். கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் பனியன் குவிந்திருக்கும் போலிருக்கிறது, வந்ததும் ஓவர்லாக் தையல் மிஷினைப் போட்டார். சுவர் அதிர்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. பிறகு முழுப் பூனையும் வந்து, அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, தன் முன்னங்காலை நக்கியது. மீன் கிண்ணத்தைக் காலால் மெதுவாகத் தள்ளினேன். தின்றது, அப்பா. தலையைத் தூக்காமல் தின்றது.

அந்த நேரம் பார்த்து ஆயிஷாக்கா, மோட்டாரை ஓடவிட்டபடியே, நம் வாசலில் வந்து நின்று கேட்டார். "ஏனுங்கக்கா, சத்தம் தொந்தரவாங்களா? நிறுத்திரட்டுங்களா?"

அம்மா ஓடினார். "ஐயோ, நிறுத்தாதீங்க சாமி. ஓட்டுங்க, ஓட்டுங்க."

ஊரெல்லாம் நிட்டிங் மிஷின் சர்வீஸ் பார்க்கிறேன். ஓடுகிற ஷெட்டில் நாம் காதருகே போய்க் கத்திப் பேச வேண்டும். அம்மிணிக்குத் தாலாட்டே அந்தச் சத்தம்தான். நூல் அறுந்து மிஷின் சட்டென்று நின்றால்தான் அங்கே ஆட்கள் ஓடுவார்கள், முதலாளி திட்டுவார். சத்தம் நின்றால் ஏதோ கெட்டுவிட்டது என்றே அது பிறந்ததிலிருந்து தெரிந்துவைத்திருக்கிறது. நாங்கள் மூன்று நாளாக வீட்டையே நிறுத்தி வைத்து, அதற்குக் கெட்டது நடந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகு வந்தது. லீவு நாளில் டி.வி.யை அலறவிட்டு, அதைப் பார்க்காமலேயே பக்கத்தில் படுத்துத் தூங்குவீர்களே. நாங்கள் அணைத்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்வீர்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிடுவீர்கள். காது போய்விட்டது என்று நான் டாக்டரிடம்கூடக் கேட்டேன். நீங்களும் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்து பழகவே இல்லையா அப்பா? கிளம்பிப் போனதெல்லாம் அங்கேதானா, இதனிடம்தானா?

இப்போது ஆயிஷாக்கா மிஷினை நிறுத்திவிட்டார். அம்மிணி கதவருகே போய்க் கத்த ஆரம்பித்திருக்கிறது. அது போக நினைக்கும் ஷெட்டில் இந்நேரம் எலி மருந்து வைத்திருப்பார்கள். அதனால் இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கே ஜன்னலுக்கு இரும்பு வலை அடிப்பேன்.

2. ஓடுகிற ஷெட் ஒன்றில் மிஷின் சத்தத்தைப் பதிவு செய்துவந்து ஸ்பீக்கரில் போடுவேன். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைப்பேன். எத்தனை வாரம் என்று இப்போது கணக்குப் போடமாட்டேன்.

3. அம்மா டி.வி. போட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன்.

4. அது வாசலைப் பார்த்துக் கத்தும்போது கதவைத் திறக்கமாட்டேன். எழுந்து போகவும் மாட்டேன். அது கத்தி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனும், வியாழக்கிழமையிலிருந்து அம்மிணியின் அண்ணனுமான
பிரபு