பிரெஞ்சுக்காரியின் சீதனம்

ரீச்சர்,

நேற்று மனுகாவ் நூலக வாசலில் பழைய புத்தகங்களை விற்பனைக்குக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். பழைய கதைப் புத்தகங்கள் கிடக்கும் உங்கள் கைப்பை மணம். எனக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. ஆனாலும் நின்று பக்கம் புரட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த நீங்கள், இந்த நாட்டுக்கு வந்து விரி பிஸ்கட் தொழிற்சாலையில் என்னோடு நின்று பெட்டி அடைத்தீர்கள். மத்தியானம் புட்டைத் தின்றுகொண்டே பழைய பிரெஞ்சுக் கதைகளைத் தமிழில் சொல்வீர்கள். எல்லாவற்றிலும் கலியாணம்தான். கன்னியர் மடத்தில் வளர்ந்த பெட்டையைக் கூட்டிவந்து கிழட்டுப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுப்பார்கள். தகப்பனிடம் காசு இருக்கும், பட்டம் இராது. பிரபுவிடம் பட்டம் மட்டும்தான்.

"வெள்ளைக்காரரும் சீதனம் குடுக்கிறவையோ?"

"நொத்தாரிசைக் கூப்பிட்டு வைச்சுச் சீதன உறுதி எழுதுவினம். எங்கட ஆக்கள் தோத்துப்போவினம்."

அந்த மாதம்தான் என் மூத்தவளுக்கு இலண்டன் டொக்டர் சம்பந்தம் வந்தது. பெரிய குடும்பம். நானும் இவரும் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிட்டோம். சந்தோசத்தில் முதலில் உங்களிடம்தான் ஓடிவந்தேன்.

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"அவள் என்ன சொல்லுறது? டொக்டரெல்லோ."

"அந்தப் பிரெஞ்சுத் தகப்பனும் இப்பிடித்தான் சொன்னவர்."

எனக்குச் சுரீரென்றது. "உங்களுக்குப் பிள்ளை இல்லை, ரீச்சர். கதை சொல்லுறது லேசு."

நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினீர்கள்.

அன்று பின்னேரம் மகள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். "உனக்கு இது விருப்பமோ?" என்றேன். பைப்பைப் பூட்டிவிட்டு அழத் தொடங்கினாள். "நோ, அம்மா. நோ." அடுத்த நாளே இலண்டனுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றேன். இவர் தவக்காலம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் வேலையில் உங்கள் பக்கத்தில் வந்து இருந்தேன். கொஞ்சம் தள்ளி இடம் விட்டீர்கள்.

"கதையை எதில விட்டனான்?"

"யன்னலில நிண்டு அழுதவள்," என்றேன்.

கதை தொடர்ந்தது. நீங்கள்தான் என்னை அவளிடம் விருப்பம் கேட்க வைத்தீர்கள் என்று மகளுக்குச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உங்கள் காலைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

பூசை முடிந்து, மாதா கோயிலில் உங்கள் சவப்பெட்டியைத் தூக்கும் நேரம், "ஆம்பிளையள் தூக்கட்டும் பிள்ளை," என்றார்கள். மகள் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய் முன்னால் தோள் கொடுத்தாள். வாசல்வரை அவள்தான் கொண்டுபோனாள்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நான் சொன்ன சொல் அப்போது தொண்டையில் வந்து நின்றது, ரீச்சர். இன்னும் அங்கேதான் நிற்கிறது.