வலது பக்கத்துச் சத்தம்

அக்கா,

டீசல் வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்ததும் மறுபடி மூக்கில் ஏறுகிறது. அதோடு சாக்பீஸ் தூளும் கலந்திருக்கிறது. ஒரு பக்கம் நம் வண்டி, ஒரு பக்கம் என் பள்ளிக்கூடம். இரண்டையும் சேர்த்து முகர்ந்தால் நீ பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது.

"ஒன்னு, ரெண்டுன்னு எண்ணாம ஒனக்குப் பேச வராதாடா?" என்பாய். வராது. அதனால் முதலிலேயே எண்ணி வைத்துவிடுகிறேன்.

1. இன்று காலை நம் நெல் அறுப்பு வண்டியில், வலது பக்கத்துப் பெல்ட்டைச் சுழற்றும் ஷாஃப்டில் நான் பார்த்த கோடு.
2. அதே பக்கத்து ஷாஃப்ட் மூன்று வருஷத்துக்கு முன் சிதம்பரத்தின் வயலில் ஒடிந்த நாள்.
3. அன்று நீ எனக்காகச் சொன்ன பொய்.
4. நாளைக்கு வண்டியை அனுப்பலாமா, கூடாதா என்பது.

நீ கண்ணை மூடிய ஆடிக்குப் பிறகு இதுதான் முதல் சம்பா அறுப்பு. நாளைக்குச் சிதம்பரத்தின் வயல்; நம் வண்டியைத்தான் வாடகைக்குக் கேட்டிருக்கிறார். போன வாரக் காற்றில் பயிர் சாய்ந்து கிடக்கிறது. கடல் பக்கம் இரண்டு நாளாக மேகம் நிற்கிறது. மழை விழுந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். மணமேல்குடி சுற்றுவட்டாரத்தில் டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஊரும் வண்டிகள் எல்லாம் வேறு வேறு வயலில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. டயர் வண்டி அந்தச் சேற்றில் இறங்காது. ஆகவே நம் வண்டிதான்.

காலையில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, பெல்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தொய்வு சரியாக இருந்தது. வலது பக்கம் மட்டும் எண்ணெய் கசிந்த தடம். பல்சக்கரத்தைக் கழற்றினால், ஷாஃப்டைச் சுற்றி வைக்கோல் கயிறு திரித்தது போல இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. வைக்கோல் ஆயில் சீலைக் கிழித்திருக்கிறது. அந்த வழியாக எண்ணெய் வெளியே, சேறு உள்ளே. ஷாஃப்டைத் துடைத்தபோது பல்சக்கரம் கவ்வும் வரிப்பற்கள் தொடங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை.

கீறலா, விரிசலா? டீசலைத் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினேன். கீறல் என்றால் தூள் வெள்ளையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே புகுந்த டீசல் மெல்லக் கசிந்து தூளில் கோடு போடும். கோடு விழுந்தது. விழுந்தது போலத்தான் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி செய்தேன், அப்போது இல்லை. மறுபடி செய்தேன், இருந்தது. கண்புரை எடுத்த கண்ணை எவ்வளவு நம்புவது?

புது ஷாஃப்ட் தஞ்சாவூரிலிருந்து வர இரண்டு நாளாகும். பழையதையே பூட்டிப் புது சீல் போட்டால் நாளைக் காலையில் வண்டி வயலில் இருக்கும். நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் கை கழுவப் போயிருப்பேன்.

கீரனூரில் இயற்பியல் ஆசிரியராக ஓய்வு பெற்று, தனியாளாக ஒரு பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்தேன். அத்தான் போய் நீயும் தனியாக இருந்தாய். நம் பள்ளத்து வயலுக்கு எந்த வண்டியும் வராமல் பயிர் அழுகிய வருஷம் அது. "அடுத்தவன் வண்டிக்கு வாசல் பாத்தது போதும், நம்மளே வாங்கிருவோம்" என்றாய். நான் வேண்டாம் என்பதற்குக் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதெல்லாம் நீ பாத்துக்க" என்றாய். அப்படித்தான் நான் மெக்கானிக் ஆனேன்.

வண்டிக்கு நத்தை என்று பெயர் வைத்தாய். சாயங்காலம் கண்மாய்க் கரையில் மோட்டார் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெல்ட்டுக்குள் இருக்கும் சேற்றையெல்லாம் நீயே பீய்ச்சிக் கழுவுவாய். காய விட்டால் சேறு கல்லாகிவிடும், உருளைகள் சுற்றாது, பாரம் முழுக்க ஷாஃப்டில் ஏறும் என்று நான் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. "நத்தையக் குளிப்பாட்டியாச்சு. ஒனக்கு இன்னும் ஆகல" என்பாய். கோடையில் பெல்ட் வெயிலில் வெடிக்காமல் இருக்கக் கீற்றுக் கொட்டகை, தரைச்சூடு ஏறாமல் இருக்கப் பலகை, எலிக்குப் பொறி. ரப்பர் ஒரே இடத்தில் மடிந்து பழகிவிடாமல் அவ்வப்போது வண்டியை நாலடி நகர்த்துவோம். "பேறுகாலம் பாத்த மாதிரி பாக்குறானே எந்தம்பி" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ஷாஃப்ட் ஒடிந்த நாளுக்கு முந்திய சாயங்காலம் நீ கழுவிக்கொண்டிருந்தாய். நான் வழக்கம்போல என் சந்தேகங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாக, வலது பக்கம் திரும்பும்போது ஒரு சத்தம் வருவது போல இருக்கிறது, என் காதுக் கோளாறாகவும் இருக்கலாம் என்றேன். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

மறுநாள் சிதம்பரத்தின் வயலில் பாதி அறுத்திருந்தபோது ஷாஃப்ட் ஒடிந்தது. பெல்ட் கழன்று, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தது. அன்றைக்கும் வானம் கறுத்திருந்தது. சிதம்பரம் தோளில் கிடந்த துண்டை வரப்பில் அடித்தார்.

"வாத்தியாருதான வண்டியப் பாக்குறாரு? என்னத்தப் பாத்தாரு? பரீட்சைப் பேப்பர் பாத்த மாதிரி பாத்தாரோ?"

நான் தலை குனிந்து நின்றேன். நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாய்.

"அவன ஏன்யா வையிற? அவன் நேத்தே சொன்னான். நாந்தான் கேக்காம வண்டிய எறக்குனேன். வையிறதா இருந்தா என்னைய வையி."

பிறகு தெருவுக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தாய். மீதி வயலைக் கையால் அறுத்தீர்கள். நீயும் இறங்கி அறுத்தாய். மழைக்கு முன்னால் நெல் களம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் காப்பியைக் கொடுக்கும்போது, "தம்பி, இன்னைக்கு என்ன சத்தம்?" என்று கேலியாகக் கேட்பாய்.

மூன்றாவது விஷயம் அந்தப் பொய்தான். ஊரார் முன்னால் உன் தம்பி தலை குனியக் கூடாது என்பதற்காக, காதில் விழாத ஒன்றை விழுந்ததாகச் சொன்னாய். உன்னிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அதை இப்போதாவது

நேற்று இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பேனாவை மூடிவிட்டுப் போனேன். இனிமேல் எழுதுவது இன்று காலை.

வந்தது சிதம்பரம். நம் டிரைவர் காதரும் கூட நின்றான். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தவனை நீதானே கரைக்கு இழுத்து வந்து நத்தையில் ஏற்றினாய்.

"நாளைக்கு விடிஞ்சதும் வண்டி வந்துருமுல்ல?" என்றார் சிதம்பரம்.

ஷாஃப்டில் விரிசல் இருப்பது போலத் தெரிகிறது, புதியது வர இரண்டு நாளாகும் என்றேன்.

"தெரியுதா, தெரியிற மாதிரி இருக்கா?"

"தெரியிற மாதிரி இருக்கு."

"மானத்தப் பாத்தீங்களா வாத்தியாரையா? ரெண்டு நாள் பொறுன்னு சொன்னாக் கேக்குறதுக்கு அது என்ன எனக்குச் சொந்தமா? அக்கா இருந்திருந்தா அனுப்பியிருக்கும்."

அது எனக்குத் தைத்தது. உண்மை என்றும் பட்டது. வெறும் கீறலாகவும் இருக்கலாம், பழையதையே பூட்டினால் ஒருவேளை தாங்கலாம் என்று இழுக்கத் தொடங்கினேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

காதர்தான் குறுக்கே பேசினான். "வேணாம் சார். அன்னைக்கும் நீங்க சொன்னீங்க, கேக்காமத்தான ஒடிஞ்சுச்சு?"

"நான் சொன்னது யாருக்கப்பா கேட்டுச்சு?" என்றேன்.

"நம்ம அக்காவுக்குத்தான். நான் வண்டியில ஏறுறப்ப சொன்னுச்சு. 'தம்பி வலது பக்கம் சத்தம் வருதுங்கிறான். அவன் பத்துச் சொன்னா ஒன்னு நெசமா இருக்கும், இது எதுன்னு தெரியல. மழை வரப்போகுது, நிறுத்தவும் முடியாது. திரும்பையில மட்டும் மெதுவாத் திருப்பு'ன்னுச்சு. மெதுவாத்தான் திருப்புனேன். அப்படியும் ஒடிஞ்சு போச்சு."

சிதம்பரம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே வரிசைப்படுத்தத் தெரியவில்லை. வாய் மட்டும் பேசியது.

"வண்டி நாளைக்கு வராது. சேத்துல ஒக்காந்துருச்சுன்னா ஒங்களுக்கு ரெண்டு நாள் இல்ல, ஒரு வாரம் போயிரும். மடைய ஒட்டுன பள்ளத்த மட்டும் நாளைக்குக் கையால அறுப்போம், தண்ணி அங்கதான் மொதல்ல கட்டும். ஆளுக்கு நான் சொல்றேன். நானும் வாரேன்."

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"கட்டுத் தூக்குவேன்."

"இவரத் தூக்க ஒரு ஆளு வேணும்" என்று காதரிடம் சொன்னார். கோபம் போகவில்லை. ஆனால் போகும்போது எத்தனை அரிவாள் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

தஞ்சாவூருக்குப் போன் செய்துவிட்டேன். விடியற்காலையில் சிறு தூறல் போட்டு நின்றிருக்கிறது. இதற்குமேல் மழை வருமா என்று எனக்குத் தெரியாது. ஷாஃப்டில் இருப்பது கீறலாகவே இருந்துவிட்டால் சிதம்பரம் என்னைச் சும்மா விடமாட்டார். அந்தப் பயமும் இருக்கிறது. இருந்தாலும் சொன்னதை மாற்றப் போவதில்லை. வெளியே பெண்கள் வந்து நிற்கிறார்கள். நான் கிளம்ப வேண்டும்.

தொடக்கத்தில் எழுதிய வரிசையை அடித்துத் திருத்தவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கட்டும். ஆனால் மூன்றாவது தவறு, அக்கா. நீ எனக்காகப் பொய் சொல்லவில்லை. மோட்டார் அத்தனை இரைச்சல் போட்டும், நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கிறது.