கடிவாளம் பிடித்து நின்றவன்

நெல்சன் முகாம், கென்டக்கி
1865 மார்ச் 20

என் பிரியமுள்ள டார்கஸுக்கு,

உன் கணவன் லூசியஸ் ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நான் நலம். நீயும் நம் மகள் மின்டியும் நலமா? எழுதுகிற கை என் கூடாரத்துத் தோழன் ஏபெலுடையது, சொல்லெல்லாம் என்னுடையது. இதைப் படித்துக்காட்டும் ஐசாம் ஐயாவுக்கு என் வணக்கம்.

குதிரை வந்துவிட்டது! ஐந்து மாதமாகக் குதிரையில்லாக் குதிரைப்படை என்று வெள்ளைச் சிப்பாய்கள் எங்களைக் கேலி செய்தார்களே, நேற்று வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. என்ன திமிர் அதற்கு! உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் மானம் போன கதையையும் கேள். சேணம் கட்டினேன், கடிவாளத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். படை முழுவதும் ஏறிவிட்டது. “யாருக்குடா காத்துக்கிட்டு நிக்கிற?” என்று சார்ஜென்ட் கத்தினார். “ஏறப்போற ஐயா இன்னும் வரலீங்க” என்றேன். பதினெட்டு வருஷம் எஜமானருக்குக் குதிரை பிடித்த கை அல்லவா! “அட மடையா, அந்த ஐயாவே நீதான்டா, ஏறு!” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன், டார்கஸ்.

அடுத்த செய்தி இதைவிடப் பெரிது. படைவீரனின் மனைவியும் பிள்ளைகளும் இனி அடிமைகள் அல்ல என்று இந்த மாதம் சட்டம் வந்துவிட்டது. பாதிரியும் பத்திரமும் இல்லாமல், அடிமைகளின் வழக்கப்படி நாம் துடைப்பத்தைத் தாண்டிச் செய்த கல்யாணமும் கல்யாணம்தானாம். கேப்டன் வாயாலேயே கேட்டேன். எஜமானர் இதை உன்னிடம் சொல்லமாட்டார்.

உன் பயம் எனக்குத் தெரியும். நவம்பர் குளிரில் இதே முகாமிலிருந்து படை அதிகாரிகளே உங்களை வண்டியில் ஏற்றி வெளியே தள்ளினார்கள். நம் சின்னவன் அதைத் தாங்காமல் போய்விட்டான்; நீயும் மின்டியும் எஜமானரிடமே திரும்பவேண்டியதாயிற்று. அந்த முகாம் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினாய். நான் காவலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்னை மன்னிக்கவே வேண்டாம். ஆனால் வா. இப்போது பெண்களுக்கென்று வீடுகள் கட்டியிருக்கிறார்கள். எஜமானர் உங்களை வேறெங்காவது கொண்டுபோய் மறைப்பதற்குள் வா.

வாசலில் “நீ யாரோட ஆளு?” என்று கேட்டால் எஜமானர் பெயரைச் சொல்லிவிடாதே. பழக்கத்தில் வந்துவிடும், என்னைப் போல. “லூசியஸ் பெஞ்சாதி” என்று சொல்.

ஞாயிறு காலை முதல் அங்கே இருப்பேன், கேப்டன் அனுமதி கொடுத்துவிட்டார். சேணம் கட்டி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, பழையபடி குதிரைக்குப் பக்கத்தில் நிற்பேன். இந்த முறை யாருக்காக நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். கடவுள் உங்களை வழிநடத்தட்டும். வந்து ஏறு, டார்கஸ்.

உன்,
லூசியஸ்
(இந்தப் பெயர் மட்டும் நானே எழுதியது.)