போர்வையில் பரவிய சிவப்பு

நாகர்கோவில்,
16 பிப்ரவரி 1934, வெள்ளிக்கிழமை.

பீருமேட்டுத் தோட்டத்தில் இருக்கும் என் அன்புள்ள அப்பாவுக்கு மகள் சத்தியபாய் வணக்கத்தோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். அங்கே குளிர் குறைந்ததா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கணக்குப் பரீட்சையில் இந்த முறையும் நானே முதல்.

இதைப் பள்ளிக் கிணற்றடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துத் தொட்டியில் எங்கள் போர்வை ஊறுகிறது. கால்மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். காகிதத்தில் ஈரம் பட்டிருந்தால் மன்னியுங்கள்.

சீமைக்குத் திரும்பும் டாக்டரம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதற்காக, பதினான்கு பிள்ளைகள் ஐந்து மாதமாகத் தைத்த வெள்ளைப் போர்வை இது. உள்ளே பஞ்சு, மேலே பூத்தையல். நடுவில் உள்ள செம்பருத்தி பூங்கனி தைத்தது. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வந்து, விடுகதை போட்டு உங்களையே தோற்கடித்தாளே, அவள்தான். இன்று காலை பென்சில் கோடு போவதற்காகப் போர்வையை நனைத்தோம். நனைத்த உடனே செம்பருத்தியைச் சுற்றிச் சிவப்பு பரவியது. பூங்கனி கையாலேயே அதைத் தடுக்கப் பார்த்தாள்.

சமையற்காரர் மரியான் எட்டிப் பார்த்து, “வெயில்ல போடுங்க பிள்ளே, வெளுத்துப் போவும்” என்றார். தையல் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஓய், இது என்ன மொளகா வத்தலா? காஞ்சா கறை பிடிச்சுக்கிடும்” என்று அவரை விரட்டினார். ஈரத்தோடேயே சிவப்பு நூலை எல்லாம் பிரித்தெடுத்தோம். இப்போது ஐந்தாவது தண்ணீர். முதலில் இரத்தம்போல இருந்தது, இப்போது ரோஜா நிறம். துணியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கறை இன்னும் தெரிகிறது.

புதிதாக வாங்கும் சிவப்பு நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே தைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பூங்கனி பார்க்காமல் தைத்துவிட்டாள் என்று டீச்சர் நினைக்கிறார். திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியாயிற்று. அவளுடைய அப்பா பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார். போனால் அவள் படிப்பு அதோடு முடிந்துவிடும்.

அப்பா, அந்த நூலை நனைத்துப் பார்க்க வேண்டியவள் நான்.

நூல்கண்டைச் சுற்றியிருந்த தாளில், சாயம் போகாது என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. வகுப்பில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அச்சில் இருப்பது பொய்யாகுமா என்று நினைத்தேன். கடையில் யாரோ உள்ளூர் நூலை அந்தத் தாளில் சுற்றி விற்றிருக்கிறார்கள். “ஏட்டி, நனச்சுப் பாத்தியா?” என்று பூங்கனி கேட்டாள். என் கையில் கதைப்புத்தகம் பாதியில் இருந்தது. “பாத்தாச்சு மக்கா, தைச்சுக்கோ” என்றேன்.

காலையில் டீச்சர் கேட்டபோது பூங்கனி என் முகத்தைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்தேன். “நான்தான் தைச்சேன் டீச்சர்” என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியபாய் கவனமான பிள்ளை என்று சொல்லி, டீச்சர் தொட்டிக் காவலை என்னிடம் ஒப்படைத்தார்.

ஆசிரியைப் பயிற்சிக்கு என்னை அனுப்ப டீச்சர் எழுதிய சிபாரிசுக் கடிதம் அவர் மேசையில் இருக்கிறது. அதற்காக நீங்கள் போன கிறிஸ்துமஸ் வரை எத்தனை வருஷம் ஊருக்கு வராமல் பணம் சேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உண்மையைச் சொல்லப் போகாமல் காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறாவது தண்ணீரும் மாற்றிவிட்டேன். கறை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முழுவதும் போகாது என்றே தோன்றுகிறது. டீச்சர் இப்போது அறையில் தனியாக இருக்கிறார். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகே இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன். ஆகையால் இது உங்கள் கைக்கு வந்தால், நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள் அப்பா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பூங்கனிக்காக ஜெபம் பண்ணுங்கள். அதற்குப் பிறகு நேரம் இருந்தால் எனக்காகவும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
சத்தியபாய்