உங்கள் அண்ணன் விருந்துண்ட விவரம்

சூர் துறைமுகம்,
ஷஃபான் மாதம், வெள்ளிக்கிழமை.

அஸ்ஸாவின் தந்தை கல்ஃபான் அவர்களுக்கு, அவள் தாய் ஸுவைனா சலாம் கூறி எழுதுவது. இறையருளால் நானும் குழந்தையும் நலம். உங்கள் அண்ணன் முஹன்னாவும் நலம். அவருடைய நலத்துக்கு வழியில் யாரும் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இந்தக் கடிதம் விளக்கும்.

நீங்கள் பஹ்ரைனிலிருந்து சரக்குக் கப்பலில் சூருக்கு வந்திருப்பதாகவும், நம் ஊரான பிதியாவரை வந்து திரும்ப நேரம் போதாது, மனைவியையும் குழந்தையையும் கடற்கரைக்கு அழைத்து வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். நீங்கள் போன பிறகு பிறந்த மகளை நீங்கள் பார்த்ததே இல்லை. அவளை உங்கள் கையில் கொடுப்பதற்காகத்தான் இந்தப் பயணம் முழுவதும். நல்ல ஏற்பாடுதான். அதில் ஒரே ஒரு பிழை: செய்தியை உங்கள் அண்ணனுக்கு அனுப்பினீர்கள்.

அவர் சேணத்துக்கு மெத்தை தேர்ந்தெடுப்பதில் ஒரு காலைப்பொழுது கழிந்தது. மணல்மேடுகளை ஓரமாகவே வைத்துக்கொண்டு வந்ததால் அன்று ஒட்டகங்கள் நன்றாக நடந்தன. குழந்தை என் மடியில் தூங்கினாள். மறுநாள் வெயில் ஏறும்போது காமில் என்ற ஊரின் பேரீச்சந்தோப்பு கண்ணில் பட்டது. கிணற்றில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உடனே கிளம்பிவிடுவோம் என்றார் அண்ணன். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

கிணற்றடியில் ஹமூத் என்பவர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "என் வாசலைத் தாண்டி இந்த ஒட்டகம் போச்சுன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று ஆணையிட்டார். அண்ணன் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிற முகத்துடன் இறங்கினார். உள்ளே, அந்த மனைவி எனக்குத் தலையணை எடுத்துப் போட்டாள். "இந்த வாரத்துல இது மூணாவது தடவ என்னைப் பணயம் வைக்கிறாரு. உக்காரு தாயி. நீ எந்திரிச்சுப் போனா நான் பொட்டி கட்டணும்" என்றாள். ஓர் ஆடு பின்பக்கம் இழுத்துச் செல்லப்பட்டது. ஒட்டகங்களை அவிழ்த்து மேயவிட்டார்கள். விருந்தாளியின் ஒட்டகத்தைக் கட்டிவைப்பது அவமரியாதையாம்.

அப்போது சூரிலிருந்து முசல்லம் என்பவர் மனைவியோடு அங்கே வந்து சேர்ந்தார். அவரையும் ஆணையிட்டே இறக்கியிருப்பார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஈச்ச ஓலைத் தட்டிதான். சேதி கேட்கும் சடங்கு தொடங்கியது.

"சேதி என்ன?" என்று உங்கள் அண்ணன் கேட்டார்.

"சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நலம். உங்க பக்கம்?"

"ஒண்ணுமில்ல. நலம். கடற்கரைல ஏதும்?"

"ஒண்ணுமே இல்ல. இறைவனுக்கே புகழ்."

இது ஒரு சுற்று. கோப்பையை ஆட்டிக் காட்டினால் காபி ஊற்றுவதை நிறுத்துவார்கள். உங்கள் அண்ணனுக்குக் கோப்பையை ஆட்டும் பழக்கம் இல்லை.

இங்கே பெண்கள் பக்கத்தில், முசல்லத்தின் மனைவி நஸ்ரா, நாங்கள் போகும் காரணத்தைக் கேட்டதும் முகத்திரையை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "உன் வீட்டுக்காரரு அந்த பஹ்ரைன் கப்பல்லயா வந்தாரு? அய்யோ, காத்து திரும்பிருச்சும்மா. நாளைக்கு விடிஞ்சு கொஞ்ச நேரத்துல திரும்பிப் போகப் பாய் ஏத்துறாங்க. இப்பவே கிளம்பினா ராவோட ராவா போயிரலாம்."

நான் தட்டியருகே போய், "பெரியவரே, கப்பல் நாளைக்குக் காலைல போகுதாம். இப்பவே கிளம்பணும்" என்றேன்.

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உங்கள் அண்ணன் தாழ்ந்த குரலில் என்னைக் கடிந்துகொண்டார். "சூர்லருந்து வந்த மனுசனே சேதி ஒண்ணுமில்லன்னு வாயால சொல்லிட்டாரு. அவரைப் பொய்யராக்கச் சொல்றியா?"

முசல்லம் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. பேரீச்சம்பழம் அருமை என்றார்.

ஆடு நிதானமாக வெந்தது. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், மறுபடி காபி வந்தது. அதன் பிறகுதான் முசல்லம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு சின்ன சேதி இருக்கு" என்று ஆரம்பித்தார். கேட்டதும் உங்கள் அண்ணன் துடித்துப்போனார். "முதல்லயே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். "முதல்ல எப்படிச் சொல்றது? வந்ததும் வராததுமா சேதி சொல்றவனை எந்த ஊர்ல மனுசனா மதிப்பாங்க?" என்றார் முசல்லம். உங்கள் அண்ணன் தலையாட்டினார். அவரும் அப்படிப்பட்டவனை மதிக்கமாட்டார்.

சாம்பிராணி வந்தது. சாம்பிராணிப் புகைக்குப் பிறகு விருந்தாளி உட்காரக் கூடாது என்று விதித்தவர் யாரோ, அவர் சொர்க்கத்தில் இருப்பார். ஆனால் மேயப்போன ஒட்டகங்களுக்கு அந்த விதி தெரிந்திருக்கவில்லை. அவற்றைத் தேடிப் பிடிக்கும்போது சூரியன் சாய்ந்துவிட்டது.

காற்றில் மீன்வாடை வந்தபோது மறுநாள் வெயில் நன்றாக ஏறியிருந்தது. துறையில் உங்கள் கப்பல் நின்ற இடத்தில் கடற்பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. கரையில் இருந்தவர்கள் முறைப்படி உங்கள் அண்ணனிடம் சேதி என்ன என்று கேட்டார்கள். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேதி ஒண்ணுமில்ல. எல்லாம் நலம்" என்றார்.

நீங்கள் தங்கியிருந்த வீட்டின் ஷம்ஸா அக்காதான் மிச்சத்தைச் சொன்னார். "காவல் கோபுரத்து மேலயே நின்னாரும்மா. மாலுமிங்க கீழருந்து கத்துறாங்க, எறங்க மாட்டேங்குறாரு. 'தூசி தெரியுது, அது எங்க ஒட்டகம்தான்'னாரு. பாத்தா, வெறகு ஏத்தி வந்த கழுத." அதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு போய் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

நீங்கள் விட்டுச்சென்ற வெள்ளிக் கொலுசைக் கொடுத்தார். நல்ல வேலைப்பாடு. அஸ்ஸாவின் குதிகாலைத் தாண்டி ஏறவில்லை. அவள் இப்போது ஓடுகிறாள். ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்து இழுக்கிறாள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கைக்குழந்தை இப்போது எங்குமே இல்லை.

அடுத்த பருவத்தில் நீங்கள் மறுபடி வருவீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம், ஊருக்குத் திரும்புவோம் என்றார் அண்ணன். நான் திரும்பவில்லை. ஷம்ஸா அக்கா மகளின் பிரசவத்துக்காகத் தன் தம்பியின் படகில் பஹ்ரைன் போகிறார். என்னையும் அழைத்துச்செல்வதாகச் சொன்னார். "ஊர்ல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று அண்ணன் தலையில் கைவைத்தார். "சேதி ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருதே" என்றார் அக்கா. அண்ணன் போய்விட்டார். போகும்போது குழந்தையின் தலையில் கைவைத்து ஓதினார், அழுதார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆகவே இந்தக் கடிதம் வரும் படகிலேயே நாங்களும் வருகிறோம். கணவன் வந்து அழைக்காமல் என்னைக் கரையிறக்க மாட்டேன் என்கிறார் படகுத் தலைவர். அதனால் முதலில் கடிதம் இறங்கும். ஒரு மாலுமி அதை நீங்கள் வேலை செய்யும் கிடங்குக்குக் கொண்டுவருவார். நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் நான் துறையில் நிற்கும் படகில், பாயின் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

உடனே எழுந்து வாருங்கள். அஸ்ஸா புதியவர்களைக் கண்டால் அழுவாள், சில சமயம் கடிப்பாள். உங்களைக் கண்டும் அழுவாள். அதற்காகக் கையை எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள்.

இறைவன் உங்கள் கால்களுக்கு வேகம் தரட்டும்.

ஸுவைனா