புளி போட்டுத் தேய்த்த குதிரைக் காசு

12 மார்ச் 2007, திங்கள்

வாசலில் பனி கரைந்து ஒரே சேறு. தயிர், பச்சை மிளகாய் தீர்ந்துவிட்டது. அவர் போய் இருபத்து மூன்று நாள்.

கொழுந்தனார் வந்தார். என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைத்திருந்த செப்புக் காசை எடுத்துப் பார்த்தார். குதிரைத் தலை, கீழே ஏர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நியூ ஜெர்சிக்காக அடித்த காசு என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்வார்.

"இதுவா அண்ணி? நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. அண்ணாவுக்கு எவனோ நல்லா காது குத்திட்டான்."

பதின்மூன்றாம் நாள் வீடு கழுவி, பூஜைப் பாத்திரங்களோடு இதையும் நான்தான் புளி போட்டுத் தேய்த்தேன் என்றேன். கறுத்துக் கிடந்தது. அவர் காசாயிற்றே.

"தேய்ச்சாலும் டூப்ளிகேட் டூப்ளிகேட்தானே!" சிரித்துக்கொண்டே நாலு தோசை.

செத்தவர் ஏமாளியாம். இல்லை என்று விவரம் தெரிந்த ஒருத்தர் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

14 மார்ச், புதன்

மழை. மகள் வித்யா லீவு போட்டுக் காசுக் கடைக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக்காரக் கிழவர். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெருமூச்சு. அவர் சொன்னதை வித்யா தமிழில் சொன்னாள்.

"ஏம்மா க்ளீன் பண்ணின? அந்தக் கறுப்புதான் அதோட ஸ்கின்னாம். அத உரிச்சுட்டியாம்."

பழைய காகித உறை இருந்ததா என்று கேட்டாராம். இருந்தது. பழுப்பாய், ஓரம் கிழிந்து, மூன்று பேர் கையெழுத்தோடு. முன்னால் யார் யார் வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சியாம். குப்பையில் போட்டுவிட்டேன். கிழிசலில் எதற்கு என்று, காசை என் வெள்ளிக் குங்குமச் சிமிழில் வைத்தேன். சிமிழ் எனக்கு இனி எதற்கு.

என் வீட்டுக்காரருக்கு நண்பர்களிடம் போனில் மணிக்கணக்காய் இந்தக் காசைப் பற்றித்தான் பேச்சு. என்னிடம் ஒரே வார்த்தை: "தொடாதே." ஏன் என்று சொன்னதில்லை. எட்டாவது படித்தவளுக்கு என்ன புரியும்.

கிழவர் காசைப் பரிசோதனைக்கு அனுப்புவாராம். முன்னே ஏலம் போன காசுகளின் படம் இருக்கும் பழைய ஏலப் புத்தகங்களிலும் தேடிப் பார்ப்பாராம்.

9 ஏப்ரல், திங்கள்

குளிர் விடவில்லை. முழங்கால் வலி. ரசம் மட்டும்.

காசு வந்துவிட்டது. ஏலப் புத்தகப் படம் ஒன்றில் குதிரைக் காதுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். நம் காசிலும் அதே இடம், அதே பள்ளம். அதே காசுதான் என்று கிழவர் சொல்லிவிட்டார். நிஜக் காசு. என் புளி அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

கொழுந்தனாருக்குப் போன் பண்ணினேன்.

"அப்படியா அண்ணி? அண்ணா கில்லாடிதான். நீங்க மட்டும் தேய்க்காம இருந்திருந்தா..."

வைத்துவிட்டேன்.

பரிசோதித்தவர்கள் காசை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். உடைத்தால்தான் திறக்கும். தொடாதே என்றவருக்கு இனி நிம்மதி. மேலே சீட்டு. வித்யா படித்தாள்: அசல். தேய்க்கப்பட்டது.

தேடி வாங்கினவர் பேர் அதில் இல்லை. நான் செய்தது மட்டும் இருக்கிறது.

படத்துக்கு முன்னால் வைத்தேன். எழுத்து அவர் பக்கமாக. படிக்கட்டும்.