காலிக் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

சிட்டு, நீ போய் ஆறு வாரம் ஆகிறது. உன் உடற்பயிற்சித் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. ஒரு கட்டம்கூடக் காலியில்லை, அத்தனையிலும் டிக்.

போட்டது நான்.

மார்ச் 4, புதன்

தலை சுற்றுகிறதென்று கிளினிக் போனேன். பிரஷர் நூற்று அறுபத்தெட்டு. மாத்திரை மட்டும் போதாது என்று டாக்டர் உன் பிசியோ பெண்ணிடமே அனுப்பிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "உங்க தங்கச்சி மாதிரி ஒழுங்கா செஞ்சவங்க யாருமே இல்ல பெரியம்மா. ஒருநாள்கூட விடல. அப்படியும் பக்கவாதம் வந்து கொண்டுபோயிடுச்சே." அவள் கண் கலங்கியிருந்தது.

டிக் போட்டது நான் என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

எப்படி ஆரம்பித்தது? "முட்டி குத்துதுக்கா. இன்னிக்கு நடக்க முடியாது, நீ டிக் போட்டுடு. பாவம் அந்தப் பொண்ணு, மூஞ்சி தொங்கிடும்" என்றாய். "அடி கழுதை, அவளுக்காகவாடி நடக்கிற?" என்று திட்டினேன். திட்டிக்கொண்டே போட்டேன். முதலில் ஒரு நாளுக்கு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுக்க.

தவறாமல் நடந்தும் பிரஷர் இறங்கவில்லையே என்று அவள் இருபது நிமிடத்தை முப்பதாக்கினாள். அந்த முப்பதுக்கும் நான் டிக் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

டிக் போடுகிற பழக்கத்தில் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

என்ன வேலை பார்த்தேன் என்று பிசியோ பெண் கேட்டாள். முப்பது வருஷம் ஹோட்டலில் துணி துவைத்து, பிழிந்து, மடித்த வேலை என்றேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை நல்லா இருக்கு, இடுப்புதான் போயிருக்கு." அதற்குத் தகுந்த மாதிரி எழுதினாள். துண்டைச் சுருட்டி லேசாக இறுக்கி இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும், ஒரு நிமிடம் விட வேண்டும், நாலு தடவை. மூச்சை அடக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள். மற்ற நாளில் வாசல் வரை மெதுவாக நடை.

"தங்கச்சி மாதிரியே டிக் போட்டுக் கொண்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான். சொல்லிட்டேன் சிட்டு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுகையில வார்த்தையே வரல, அப்பவும் சொல்லிட்டேன்.

அவள், "எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். நானும் கவனிச்சிருக்கணும்" என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "முட்டி வலின்னு தெரிஞ்சிருந்தா நடையை நிறுத்திட்டு உட்கார்ந்தே செய்யறதைக் குடுத்திருப்பேன் பெரியம்மா. செய்யாத நாளைக் காலியா விடுங்க. காலிக் கட்டத்தைப் பார்த்தாத்தான் எதை மாத்தணும்னு எனக்குத் தெரியும்."

மார்ச் 21, சனி

உடம்பு அசதி. துண்டைத் தொடவில்லை. கட்டத்தைப் பார்த்தால் கை பரபரக்கிறது. அறுபத்தேழு வயசுக் கிழவிக்கு இது என்ன புத்தி? போடவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பிரஷர் நூற்று நாற்பத்தாறு. காலியாக விட்ட கட்டங்கள் நாலு. எல்லாமே சனிக்கிழமை என்று அவள்தான் கண்டுபிடித்தாள். வீடு முழுக்கத் துடைக்கிற நாள், உடம்பு ஓய்ந்துபோகிறது. துண்டுப் பயிற்சியை வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

என் தாளை உன் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உன்னுடையதில்தான் ஓட்டையே இல்லை.

ஏன்டி சிட்டு, அன்றைக்கு அந்த முதல் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தால், அவள் உனக்கு உட்கார்ந்து செய்வதைக் கொடுத்திருப்பாள். நீ செய்திருப்பியா?